வீட்டுக்குள் ஷாக் அடிப்பது ஏன்? கொல்லிமலை போன்ற மலைக் கிராமங்களில் ஆபத்து கூடுவது எப்படி? உயிரைக் காக்கும் கருவி எது?

கொல்லிமலையில் மார்கழி, தை மாதங்களில் காலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. விறகு அடுப்பில் வெந்நீர் போட்ட வீடுகள் பலவற்றில் இப்போது பிளாஸ்டிக் வாளியும் ஹீட்டர் ராடும் வந்துவிட்டன. ராடு சில நூறு ரூபாய்தான். சுவிட்சைப் போட்டால் அரை மணி நேரத்துக்குள் குளிக்கத் தண்ணீர் தயார். "சூடாயிடுச்சா?" என்று வாளியில் விரலை விட்டுப் பார்க்கிற அந்த ஒரு நொடியில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி உயிரிழப்போர் எண்ணிக்கை ஆண்டுக்கு 12 ஆயிரத்தைத் தாண்டுவதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் காட்டுகின்றன. அதாவது சராசரியாக ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல். புயல், வெள்ளம் போல இது தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஒரு வீட்டில் ஒருவர், இன்னொரு ஊரில் ஒருவர் என்று தனித்தனியாக நடப்பதால் பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தியாகவே முடிந்துவிடுகிறது.

இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. முதலில் ஷாக் என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

எவ்வளவு கரண்ட் உயிரை எடுக்கும்?

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஆனால் ஆளைக் கொல்வதைத் தீர்மானிப்பது உடம்பு வழியாகப் பாய்கிற மின்னோட்டம். அதை மில்லி ஆம்பியரில் கணக்கிடுகிறார்கள். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லி ஆம்பியர்.

1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் லேசான குறுகுறுப்பு தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகும். 30-ஐத் தாண்டி சில நொடிகள் நீடித்தால் மூச்சு திணறும். 50 முதல் 100 வரை போனால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 175 மில்லி ஆம்பியர் தேவை. ஒரு பல்பு எரியத் தேவையானதைவிடக் குறைவான கரண்ட் போதும், ஆளை முடிக்க.

'விட முடியாத' அந்த எல்லையை அளந்தவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சார்லஸ் டால்சியல். நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் கையில் உலோகக் கம்பியைப் பிடிக்க வைத்து, கரண்டை மெல்ல மெல்லக் கூட்டி, எந்த அளவில் கையை விட முடியாமல் போகிறது என்று குறித்தார். சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த எண்களை வைத்துத்தான் இன்றைய பாதுகாப்புக் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன.

ஊரில் இதை வேறு மாதிரி சொல்வார்கள். "கரண்ட் பிடிச்சு இழுத்துக்கிச்சு", "அப்படியே தூக்கி வீசிருச்சு" என்பார்கள். கரண்ட் யாரையும் இழுப்பதும் இல்லை, வீசுவதும் இல்லை. இரண்டையும் செய்வது நம் தசைகள்தான். கையை மூடும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. அதனால் கம்பியை முழுக் கையால் பிடித்திருந்தால் விரல்கள் இன்னும் இறுகும். கால், முதுகுத் தசைகள் ஒரேயடியாகச் சுருங்கினால் ஆள் தெறித்து விழுவார். தெறித்து விழுந்தவர் பிழைப்பதற்கு வாய்ப்பு அதிகம், கரண்ட்டின் தொடர்பு அறுந்துவிடுவதால்.

ஈரக் கை ஏன் இவ்வளவு மோசம்?

காய்ந்த, தடித்த தோல் கரண்டுக்கு நல்ல தடுப்பு. அதன் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். நனைந்துவிட்டால் அதே உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உயிரை எடுக்கும் அளவைப் போல இது பல மடங்கு.

"இதே சுவிட்சுல நூறு தடவை லேசா ஷாக் அடிச்சிருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த நூறு முறையும் கை காய்ந்திருந்தது, காலில் செருப்பு இருந்தது. நூற்றியோராவது முறை வாசல் தெளித்த ஈரக்காலோடு தொட்டால், சுவிட்ச் அதேதான், கசிவும் அதேதான், விளைவு மட்டும் வேறு. லேசான ஷாக் என்பது அந்தப் பொருளில் மின்கசிவு இருக்கிறது என்ற எச்சரிக்கை. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

கொல்லிமலையில் மழை ஒரு பருவத்தோடு நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்திலும் பெய்யும், வடகிழக்கிலும் பெய்யும். இடையில் மூடுபனி. சுவர் ஓதம் காப்பதும், மண் தரை ஈரமாகவே இருப்பதும் சகஜம். ஓதம் காத்த சுவருக்குள் பழைய வயரின் மேலுறை வெடித்திருந்தால் சுவரே ஷாக் அடிக்கும்.

எம்.சி.பி இருக்கிறதே, போதாதா?

போதாது. தமிழ்நாட்டில் மிகப் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை இதுதான்.

ஃப்யூஸும் எம்.சி.பியும் வயரைக் காப்பாற்ற வந்தவை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் அவை துண்டிக்கும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் எம்.சி.பி 6, 16, 32 ஆம்பியர் என்று இருக்கும். 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல 100 போதும். உடம்பு வழியாக 230 மில்லி ஆம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும்போது எம்.சி.பிக்கு அது ஒரு பல்பு எரிவது போலத்தான் தெரியும். அது அசையவே அசையாது.

அப்படியானால் எர்த் எதற்கு? கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் போன்ற உலோக உடல் கொண்ட பொருட்களில் உள்ளே பேஸ் கம்பி அறுந்து உடலில் பட்டுவிட்டால், கரண்ட் எர்த் கம்பி வழியாக நேராகப் பூமிக்குப் போய்விட வேண்டும். அப்படி ஏராளமான கரண்ட் ஒரே நொடியில் பாய்ந்தால்தான் ஃப்யூஸ் எரியும், எம்.சி.பி விழும். திட்டம் நல்ல திட்டம்தான். ஒரு நிபந்தனை, பூமி கரண்டை நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மலை குறுக்கே நிற்கிறது. கொல்லிமலை சார்னோகைட் எனும் கடினப் பாறையால் ஆனது. மேலே சில அடி மண், கீழே பாறை. சமவெளியில் ஈரமான கரிசல் மண்ணில் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அமைத்தால் தடை சில ஓம்களுக்குள் அடங்கும். பாறை நிலத்தில் குழாய் ஆழமாக இறங்காது; தடை பல மடங்கு கூடிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எர்த் தடை 50 ஓம் என்று வையுங்கள். கிரைண்டரின் உடலில் பேஸ் பட்டுவிட்டது. பூமிக்குப் போகிற கரண்ட் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி இதற்கு விழாது, 6 ஆம்பியர் எம்.சி.பியும் விழாது. கிரைண்டர் உடல் 230 வோல்ட்டோடு அப்படியே நிற்கும், யாராவது தொடும் வரை. எர்த் கம்பி இருக்கிறது, எம்.சி.பி இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு சிக்கல், பழைய பழக்கம். இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டிவிடுவது முன்பு வழக்கம். இப்போது குழாய்கள் பி.வி.சி ஆகிவிட்டன. வெளியே தெரியும் ஒரு துண்டு இரும்புக் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள், அது மண்ணுக்குள் போகும் இடத்தில் பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். அந்த எர்த் எங்கும் போவதில்லை. அதைவிட மோசம், நியூட்ரல் வராதபோது எர்த் கம்பியை நியூட்ரலாக்கி விளக்கு எரிய வைப்பது. வீட்டில் எர்த் இணைத்த எல்லாப் பொருளின் உடலிலும் கரண்ட் ஏறிவிடக்கூடிய வேலை அது.

ஆர்.சி.டி என்ன செய்கிறது?

வீட்டுக்குள் பேஸ் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறதோ அதே அளவு நியூட்ரல் வழியாகத் திரும்ப வர வேண்டும். போனதும் வந்ததும் சரியாக இல்லை என்றால் இடையில் எங்கோ கசிகிறது. சுவர் வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, ஒரு மனிதர் வழியாகவோ. ஆர்.சி.டி இந்த இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியர் என்றால், ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. ஷாக் அடிக்கும், வலிக்கும். ஆனால் இதயம் நடுங்கத் தொடங்குவதற்கு முன் கரண்ட் நின்றிருக்கும்.

கடையில் இதை ஆர்.சி.சி.பி என்று கேட்டாலும் தருவார்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் பலர் இன்னும் ஈ.எல்.சி.பி என்றே சொல்கிறார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று எழுதியவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அல்ல. ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து வாங்கினால் சுமார் இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும். ஒரு நல்ல மிக்ஸியின் விலையைவிடக் குறைவு.

மேலே சொன்ன பாறை நிலக் கணக்கை மறுபடி பாருங்கள். எர்த் தடை 50 ஓம், கசிவு 4.6 ஆம்பியர். எம்.சி.பிக்கு அது ஒன்றுமில்லை. ஆர்.சி.டிக்கோ அது 150 மடங்குக்கும் மேல். உடனே துண்டித்துவிடும். எர்த் பலவீனமான மலைக் கிராமங்களுக்குத்தான் இந்தக் கருவி சமவெளியைவிட அதிகம் தேவை என்று சொல்வதற்கு இதுதான் காரணம். எர்த் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எர்த் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.டி துண்டித்துவிடும். இல்லாவிட்டால், தொட்ட பிறகுதான் துண்டிக்கும்.

தமிழ்நாட்டில் மின் இணைப்புகளில் ஆர்.சி.டி பொருத்த வேண்டும் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விநியோக விதிகளைத் திருத்தியிருக்கிறது. புதிதாக இணைப்பு வாங்குபவர்களுக்கு இது தெரியும். பழைய வீடுகள்தான் கவலை.

ஆர்.சி.டியின் முகப்பில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டப்' என்று விழுந்தால் கருவி வேலை செய்கிறது. விழாவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி தானாக விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பவர்கள் உண்டு. அது விழுவதே எங்கோ கசிகிறது என்று சொல்லத்தான்.

ஒன்றை மட்டும் அதனால் தடுக்க முடியாது. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் ஒருவர் பிடித்துவிட்டால், போனதும் வந்ததும் சரியாகத்தான் இருக்கும். ஆர்.சி.டிக்கு அவரும் ஒரு பல்புதான்.

ஒரு விளக்குக்குப் போட்ட வயரிங்

மலைக் கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் பல வீடுகளுக்கு முதலில் வந்தது ஒரு விளக்கு இணைப்பு. அந்தக் காலத்து வயரிங் அதற்கேற்ற மெல்லிய வயர். பிறகு 2006-க்குப் பின் அரசு கொடுத்த கலர் டிவி வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அப்புறம் செல்போன் சார்ஜர், ஃப்ரிட்ஜ், ஹீட்டர் ராடு. பொருட்கள் வந்த வேகத்தில் வயரிங் மாறவில்லை. ஒரே பல்பு ஹோல்டரில் இருந்து லைன் எடுத்து, அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, அதிலிருந்து எல்லாம் ஓடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

1,500 வாட் ஹீட்டர் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்டும் டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதைத் தாங்காது. பிளக் சூடாகி, உருகி, இன்சுலேஷன் போய்விடும். ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர் மூன்றுக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட், தனி லைன் வேண்டும்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் நுழைப்பதற்காக மேல் பின்னை உடைத்துவிடுவது இன்னொரு வழக்கம். அந்த மூன்றாவது பின்தான் எர்த். மற்ற இரண்டைவிட அது நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது முதலில் எர்த் இணைய வேண்டும், கழற்றும்போது கடைசியாகத்தான் எர்த் விலக வேண்டும்.

ஹீட்டர் ராடு: எங்கே தவறு நடக்கிறது?

ராடின் வெளிக்குழாய்க்குள் சூடேறும் கம்பிச் சுருள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் நிரப்பியிருப்பார்கள். அது சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. தண்ணீர் இல்லாமல் ராடை எரியவிட்டாலோ, உப்புப் படிந்து குழாயில் விரிசல் விழுந்தாலோ தண்ணீர் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு வாளித் தண்ணீர் முழுக்க கரண்ட்.

பிளாஸ்டிக் வாளி என்பதால், ராடுக்கு எர்த் இணைப்பு இல்லாவிட்டால் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. எனவே ஆர்.சி.டி இருந்தாலும் அதுவரை விழாது. தண்ணீர் அமைதியாகச் சூடாகிக்கொண்டிருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் விரலை விட்டதும்தான் வழி கிடைக்கிறது. இரும்பு, அலுமினிய வாளியில் வாளியைத் தொட்டாலே போதும்.

முறை எளிது. முதலில் தண்ணீர், பிறகு ராடு, கடைசியாக சுவிட்ச். எடுக்கும்போது சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் உருவிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேனே, பிளக்கை எதுக்கு உருவணும்?" என்ற கேள்வி வரும். பேஸில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்ட வயரிங் நிறைய இருக்கிறது. அந்த வீட்டில் சுவிட்ச் ஆஃப் ஆனாலும் ராடு வரைக்கும் பேஸ் வந்துகொண்டேதான் இருக்கும். குளியலறைக்குள், குழந்தைகள் எட்டும் இடத்தில் ராடு வேண்டாம்.

செல்போன் சார்ஜருக்கும் ஒரு வார்த்தை. நல்ல சார்ஜர் 230 வோல்ட்டையும் போனுக்கு வரும் 5 வோல்ட்டையும் உள்ளே முழுதாகப் பிரித்து வைத்திருக்கும். மலிவான போலிகளில் அந்தப் பிரிவு மெல்லிய ஒரு கோடு. அது உடைந்தால் போன் வரைக்கும் 230 வோல்ட் வந்துவிடும். சார்ஜரில் இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஏறும்போது ஈரக் கையால் போனை எடுப்பதும், காதில் வயர் மாட்டிப் படுப்பதும் வேண்டாம்.

வீட்டு வாசலைத் தாண்டினால்

துணி காயப்போடும் இரும்புக் கம்பி தமிழ்நாட்டில் எத்தனையோ உயிர்களை வாங்கியிருக்கிறது. ஒரு முனை தகரக் கூரையின் இரும்பில், மறு முனை மின்கம்பத்தில் அல்லது அதன் ஸ்டே கம்பியில் கட்டியிருப்பார்கள். கூரை மேல் உரசும் சர்வீஸ் வயரின் உறை காற்றில் தேய்ந்தால் கரண்ட் கூரைக்கு, கூரையில் இருந்து கம்பிக்கு, கம்பியில் இருந்து ஈரத்துணியோடு வருபவருக்கு. பத்து ரூபாய் நைலான் கயிறு போதும். ஆடு, மாடுகளை ஸ்டே கம்பியில் கட்டுவதையும் மின்வாரியம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எச்சரிக்கிறது.

கொல்லிமலைக்கே உரிய ஒன்று மிளகு அறுவடை. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளில் மிளகு பறிக்க உயரமான ஏணி வேண்டும். கர்நாடகாவின் குடகு காபித் தோட்டங்களில் அலுமினிய ஏணி மேலே செல்லும் மின்கம்பியில் பட்டு தொழிலாளர்கள் இறந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. மூங்கில் ஏணி மேல். ஆனால் பச்சை மூங்கிலும், மழையில் நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும். லைன் போகும் வரிசையில் பறிப்பதாக இருந்தால் முன்கூட்டியே மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திக்கொள்ள வேண்டும். பலாப்பழம் பறிக்கும் தொரட்டிக்கும் இதே விதிதான்.

உயர் அழுத்தக் கம்பிகள் எவ்வளவு கொடூரமானவை என்பதை 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தமிழகம் பார்த்தது. அப்பர் விழாவில் இழுத்துவந்த சப்பரம் மேலே சென்ற கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். கொல்லிமலையில் ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா நடக்கிறது. கோயில் விழாக்களும் உண்டு. விழாவுக்குப் போடும் சீரியல் செட், ஒலிபெருக்கி லைன், தகரப் பந்தல் எல்லாமே தற்காலிக இணைப்புகள். ஆர்.சி.டி இல்லாமல் அவற்றைப் போடக் கூடாது.

மழைநாளில் கம்பி அறுந்து கிடந்தால், "கரண்ட் இருக்காது" என்று யார் சொன்னாலும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 2017 நவம்பர் 1-ல் சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் கால் வைத்த இரண்டு சிறுமிகள் இறந்தது சாலையோர மின்பெட்டி அருகே. கம்பி விழுந்த இடத்தில் தரையிலேயே கரண்ட் பரவியிருக்கும். அகலமாகக் காலை எடுத்துவைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் ஏற்பட்டு ஷாக் அடிக்கும். ஏற்கெனவே அருகில் போய்விட்டவர் கால்களைச் சேர்த்துவைத்து, தரையை விட்டுத் தூக்காமல் சின்னச் சின்னதாக நகர்ந்து வெளியேற வேண்டும்.

காட்டுப்பன்றிக்காக வயலைச் சுற்றி நேரடி மின்வேலி போடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் 3 யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதிக்கப்பட்ட சோலார் வேலி கரண்டை நொடிக்கு ஒரு முறை மிகச் சிறிய துடிப்பாக மட்டும் விடும். அடிக்கும், விலகவும் நேரம் தரும். வீட்டு லைனில் இருந்து கொக்கி போட்டு எடுத்த வேலி விடாது.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால்?

ஓடிப்போய் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். மகனைக் காப்பாற்றப் போன அம்மா, அம்மாவைக் காப்பாற்றப் போன அப்பா என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை தெரிந்திருக்க வேண்டும். நிறுத்த முடியாவிட்டால், காய்ந்த பலகை அல்லது பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்றுகொண்டு, காய்ந்த கட்டையால் ஆளையோ வயரையோ தள்ளிவிடலாம். இது வீட்டு லைனுக்கு மட்டும். உயர் அழுத்தக் கம்பி என்றால் எந்தக் கட்டையும் உதவாது. மின்வாரியம் லைனை நிறுத்தும் வரை கிட்டே போகக் கூடாது.

விடுபட்டதும் 108-க்கு ஒருவர் பேச வேண்டும். இன்னொருவர் மூச்சைப் பார்க்க வேண்டும். அசைவும் சரியான மூச்சும் இல்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும்.

மலையில் இது இன்னும் முக்கியம். இதயம் நின்றவருக்கு எதுவும் செய்யாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம் குறையும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் உள்கிராமத்தில் இருந்து அங்கே போகவே நேரம் பிடிக்கும். நாமக்கல்லுக்கு இறக்க வேண்டும் என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த உயிரைப் பிடித்துவைத்திருப்பது பக்கத்தில் இருப்பவர் கைதான். கை ஓய்ந்தால் ஆள் மாற்றி அழுத்தலாம், நிறுத்தக் கூடாது.

மணலில் புதைப்பது, உள்ளங்கால் தேய்ப்பது, மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். தீக்காயத்தில் பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடினால் போதும்.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னாலும் மயக்கம், நெஞ்சு படபடப்பு, தீக்காயம் இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ மருத்துவமனை போக வேண்டும். இ.சி.ஜி எடுத்துப் பார்ப்பார்கள். வெளியே நாணயம் அளவுக்குத் தெரியும் காயத்துக்கு உள்ளே தசை பெரிய அளவில் வெந்திருக்கலாம். அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீர் டீ நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

யாரிடம் சொல்வது? பொறுப்பு யாருடையது?

தொங்கும் கம்பி, சாய்ந்த கம்பம், கம்பியில் உரசும் மரக்கிளை எதுவானாலும் 'மின்னகம்' எண் 94987 94987-ல் 24 மணி நேரமும் புகார் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்துவைப்பதும் செல்போனில் படம் எடுத்துவைப்பதும் நல்லது. விபத்து நடந்தால், முன்பே சொல்லியும் சரிசெய்யவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. உயிரிழப்பு என்றால் காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். மின்சாரச் சட்டம் 2003-ன் 161-ஆவது பிரிவின்படி மின் ஆய்வாளரின் விசாரணையும் உண்டு.

சாலையில் அறுந்து கிடந்த கம்பியில் சைக்கிளோடு சிக்கி இறந்த ஒருவரின் வழக்கில், 2002-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கம்பி அறுந்ததற்கு வேறு யாரோ காரணம் என்று மின்வாரியம் தப்பிக்க முடியாது. ஆபத்தான ஒன்றை விநியோகிப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அது மத்தியப் பிரதேச மின்வாரியத்தின் வழக்கு. ஆனால் நாடு முழுக்க இழப்பீடு கேட்பவர்கள் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

இந்தப் பொறுப்பு மீட்டர் வரைக்கும்தான். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் போகும் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.டி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தான் விழுகிறதா என்று கேட்டுவிடலாம். வயரிங் வேலைக்கு ஆள் வைப்பவர்கள், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் எர்த் தடையை அளக்கும் கருவியால் அளந்து, எத்தனை ஓம் என்று எழுதி வாங்க வேண்டும். பாறை நிலத்தில் ஒரு குழாய் போதாது என்றால் இரண்டு, மூன்று குழாய்களைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைப்பார்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் செலவாகும்.